நின்றுபோன டிராக்டரை எழுப்பும் முன்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



போன கோடையில் செங்கம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். அவருடைய அப்பா காலமாகி 6 வருஷம் ஆகிறது. அப்பா ஓட்டிக் கொண்டிருந்த மாசி பெர்குசன் 1035 டிராக்டர் அன்றையிலிருந்து மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் நிற்கிறது. யாரும் தொடவில்லை.

"காயலான் கடைக்காரர் வந்து கிலோ கணக்குல பேசறாரு சார். அம்மா குடுக்கவே கூடாதுங்கறாங்க. ஆடிப் பட்டத்துல மல்லாட்டை போடணும். வாடகை டிராக்டருக்குக் காத்திருந்தா நம்ம முறை வர்றதுக்குள்ள மழை ஈரம் காஞ்சு போயிடுது. பக்கத்து நிலத்துக்காரர் அவரு டிராக்டர்ல கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணிடலாம்னு சொல்றாரு. இழுக்கலாங்களா?" என்று கேட்டார்.

"இழுக்காதே தம்பி. முதல்ல கையால சுத்திப் பாரு" என்று சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. அரை மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு இவர் பத்து நாள் கணக்குச் சொல்கிறாரே என்று நினைத்திருப்பார். அன்றைக்கு அவரிடம் சொன்ன காரணத்தையும் முறையையும்தான் இன்றைக்கு உங்களிடமும் சொல்லப் போகிறேன். இப்படிச் சாய்ப்பில் தூங்குகிற டிராக்டர்கள் நம் கிராமங்களில் ஒன்று இரண்டு அல்ல.

கட்டி இழுத்தால் என்ன ஆகும் என்பதைப் போளூர் பக்கத்தில் ஒரு முறை நேரில் பார்த்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, எஞ்சினுடைய பிளாக்கில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. கனெக்டிங் ராடு உடைந்து பக்கவாட்டில் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அந்த டிராக்டரின் சைலன்சர் குழாய் நேராக வானத்தைப் பார்த்து நிற்பது. அதன் மேலிருந்த தகர மூடி எப்போதோ விழுந்துவிட்டது. இரண்டு மூன்று மழைக்காலத்துத் தண்ணீர் அந்தக் குழாய் வழியாக இறங்கி, வால்வு திறந்த நிலையில் நின்றுபோயிருந்த ஒரு சிலிண்டருக்குள் போய்விட்டது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே ஏற வேண்டும், மேலே தண்ணீர் நிற்கிறது, கீழேயிருந்து ஒரு டிராக்டர் இழுக்கிறது. எது உடையும்? நடுவில் இருக்கிற ராடுதான்.

இழுப்பதில் இருக்கும் தொல்லை இதுதான். டாப் கியரில் போட்டு, இழுத்துக் கொண்டே கிளட்சை விட்டால், பின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் எஞ்சின் ஏறக்குறைய 20 சுற்றுச் சுற்றிவிடும். அதாவது வண்டி 4 மீட்டர் நகர்வதற்குள் ஒவ்வொரு வால்வும் 10 தடவை திறந்து மூட வேண்டும். ஒரு வால்வு துருவில் சிக்கி இருந்தால் அதன் தள்ளுகம்பி வளைந்துவிடும். ஒரு பிஸ்டன் ரிங் லைனரோடு ஒட்டியிருந்தால் நொறுங்கிவிடும். முன்னால் இழுக்கிறவருக்கு இது எதுவும் தெரியாது. "நிறுத்து, நிறுத்து" என்று பின்னாலிருந்து நீங்கள் கத்தினாலும் அவருடைய எஞ்சின் சத்தத்தில் அவர் காதில் விழாது. இன்னொன்றும் இருக்கிறது. பல வருஷம் நின்ற எஞ்சினில் மேலே இருந்த எண்ணெய் எல்லாம் வழிந்து சம்புக்குப் போயிருக்கும். பேரிங்குகள் காய்ந்து கிடக்கும். அந்த நிலையில் விசையோடு சுற்றினால் முதல் ஒரு நிமிஷத்திலேயே தேய்மானம் தொடங்கிவிடும்.

கையால் சுற்றுகிறபோது அப்படி இல்லை. எங்கே தடை இருக்கிறது, எப்படிப்பட்ட தடை என்று உங்கள் கைக்கே தெரியும். உடனே நிறுத்தலாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் காரியம், டிராக்டர் பக்கத்தில் போவதற்கு முன்னால் ஒரு நீளக் கம்பால் பானட்டைத் தட்டுங்கள். சிரிக்காதீர்கள். வைக்கோல் போர் பக்கத்தில் நிற்கிற வண்டியில் எலி குடும்பம் நடத்தும். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். காற்று வடிகட்டிக்குள் எலிக் கூடு, சைலன்சர் வாயில் குளவி கட்டிய மண், பேட்டரிப் பெட்டிக்குள் கட்டுவிரியன், இவை நடக்கக் கூடியவைதான். பகல் வெளிச்சத்தில், காலில் செருப்போடு, கையில் டார்ச்சோடு பாருங்கள். ஒயர்களை எலி கடித்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, நாலு பேர் சேர்ந்து தள்ளி, வண்டியை வெளியே கொண்டு வாருங்கள். டயரில் காற்று இருக்காது. வெடித்துப் போன பழைய டயருக்குக் காற்று அடிக்கும்போது நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். சக்கரம் நகராவிட்டால் பிரேக் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அதற்காகவும் வேறு டிராக்டரை வைத்து வெடுக்கென்று இழுக்க வேண்டாம். டிரம்மைச் சுற்றி மரச் சுத்தியால் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள்.

அடுத்தது எண்ணெய். சம்பின் அடி போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். முதலில் வருவது தண்ணீரா எண்ணெயா என்று கவனியுங்கள். எண்ணெயை விடத் தண்ணீர் கனம், அதனால் தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். எண்ணெய் டீ மாதிரி, மோர் மாதிரி வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மழைத் தண்ணீராகவும் இருக்கலாம், ஹெட் கேஸ்கெட் போய் ரேடியேட்டர் தண்ணீர் இறங்கியதாகவும் இருக்கலாம். எதுவானாலும் எண்ணெய், வடிகட்டி இரண்டையும் மாற்றுங்கள். கியர் பெட்டி எண்ணெயையும் பாருங்கள். மாசி பெர்குசன் வகையில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். கியர் கம்பியின் ரப்பர் கிழிந்திருந்தால் அந்த வழியாக மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும். எஞ்சினை நன்றாகக் கவனித்துவிட்டு இதை மறந்தவர்கள், கலப்பை தூக்கவில்லை என்று பிறகு வருத்தப்படுகிறார்கள்.

இங்கே வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 டிசம்பர் முதல் வாரத்தில், பெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையில் வெள்ளம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி எஞ்சின் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்ற வண்டிகளில் பலவற்றை "வெயில்ல காயட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். வெளியே காயும், உள்ளே காயாது. வெள்ளம் வடிந்த அன்றைக்கே எல்லா எண்ணெயையும் இறக்கிவிட்டு, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு வைத்தால் எஞ்சின் பிழைக்கும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பிஸ்டனும் லைனரும் ஒன்றாகிப் போயிருக்கும்.

இப்போது முக்கியமான கட்டம். நாசில்களைக் கழற்றுங்கள். 1035-ல் இருப்பது சிம்ப்சன் தயாரித்த 3 சிலிண்டர் எஞ்சின், ஆகவே 3 நாசில். கழற்றும் முன் சுற்றியிருக்கும் மண்ணை டீசல் தொட்ட பிரஷால் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் அந்த மண் நேரே உள்ளே விழும். எது எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று குறித்து வையுங்கள். டீசல் குழாய்களின் திறந்த வாயைச் சுத்தமான பாலிதீன் தாளால் கட்டிவிடுங்கள். நாசில் அடியில் இருக்கும் செம்பு வாஷரைத் திரும்பப் போடாதீர்கள், புதிது வாங்கிக் கொள்ளுங்கள்.

நாசில் ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எஞ்சின் எண்ணெயும் டீசலும் கலந்து விடுங்கள். 50 மில்லி போதும், அதாவது ஒரு சின்ன டம்ளரில் பாதி. விட்டுவிட்டு ஓட்டையைத் துணியால் மூடி, வீட்டுக்குப் போய்விடுங்கள். இரண்டு நாள் ஆகட்டும், மூன்று நாள் ஆகட்டும். எண்ணெய் ரிங்குகளின் இடுக்கில் இறங்குவதற்கு நேரம் வேண்டும்.

பிறகு எஞ்சினின் முன்பக்கம் பாருங்கள். பேன் பெல்ட் ஓடுகிற கீழ்ப் புல்லியின் நடுவில் பெரிய நட்டு இருக்கும். அதில் சரியான அளவு ஸ்பேனரைப் போட்டு, முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஸ்பேனருக்குப் பின்னால் நீளக் குழாயை மாட்டிக்கொண்டு இரண்டு ஆள் தொங்காதீர்கள். அப்படிச் செய்தால் கட்டி இழுப்பதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. நகரவில்லையா, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு நாளைக்கு வாருங்கள். நகர்ந்தால், ஒரு விரற்கடை நகர்ந்தாலும் போதும், கொஞ்சம் பின்னால் விட்டு மறுபடி முன்னால் கொண்டு வாருங்கள். அப்படி முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி முழுச் சுற்று வரவேண்டும். ஒரு சுற்று போதாது, இரண்டு சுற்று வேண்டும். நான்கு வீச்சு எஞ்சினில் எல்லாச் சிலிண்டரும் எல்லா வேலையும் ஒரு முறை செய்து முடிக்க இரண்டு சுற்று ஆகிறது.

இதைச் செய்யும்போது மேலே ராக்கர் மூடியைக் கழற்றி வைத்து, பக்கத்தில் ஒருவரை நிறுத்தி வால்வுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வால்வும் கீழே இறங்கி, ஸ்பிரிங் தள்ளித் தானாக மேலே வர வேண்டும். இறங்கிய வால்வு மேலே வராமல் நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். அதன் தண்டில் எண்ணெய் விட்டு, மரத் துண்டு வைத்து மெல்லத் தட்டுங்கள். போளூர் டிராக்டரில் இந்தப் பார்வை பார்த்திருந்தால், நாசில் ஓட்டையிலிருந்து தண்ணீர் பொங்கி வெளியே வந்திருக்கும், அவ்வளவோடு போயிருக்கும்.

ஒரு வாரம் ஊறவைத்தும் நகராத எஞ்சின் என்றால் ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். அது நல்ல மெக்கானிக் வேலை. அதற்கு முன் உதிரி பாகம் கிடைக்குமா என்று விசாரித்துக் கொள்ளுங்கள். மாசி பெர்குசன், மகிந்திரா போன்றவற்றுக்கு அவ்வளவு கவலை இல்லை. எச்.எம்.டி. டிராக்டர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1971-ல் அரியானாவில் பிஞ்சூர் தொழிற்சாலையில் தொடங்கிய அந்த டிராக்டர் உற்பத்தியை மூடுவதென்று 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. வண்டி உறுதியான வண்டிதான், அதில் சந்தேகமில்லை. பாகம் கைக்கு வந்த பிறகு பிரியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எஞ்சின் கையால் தாராளமாகச் சுற்றுகிறது என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதி, டீசல்.

டாங்கியில் இருக்கும் பழைய டீசலை முழுவதும் இறக்கிவிடுங்கள். "நல்லாத்தானே இருக்கு, வாசனைகூட போகல" என்று சொல்வார்கள். டீசலுக்கு அடியில் தண்ணீர் நிற்கும். பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் காலி டாங்கிக்குள் வியர்த்து வியர்த்துச் சேர்ந்த தண்ணீர் அது. டீசலும் தண்ணீரும் சேருகிற இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து பாசி மாதிரி கொழகொழவென்று படியும். அந்தப் பாசி வடிகட்டியை அடைக்கும். தண்ணீர் டீசல் பம்பைத் துருப்பிடிக்க வைக்கும். டாங்கியைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து, இரண்டு வடிகட்டிகளையும் புதிதாகப் போட்டு, புது டீசல் ஊற்றுங்கள்.

டீசல் பம்பை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். அதற்குள் உரசி ஓடும் பாகங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி தலைமயிரின் தடிமனை விடப் பல மடங்கு குறைவு. ஒரு மணல் துகள் போதும் அதைக் கெடுக்க. சுழல் வகைப் பம்பு என்றால் அதற்கு டீசலேதான் மசகு எண்ணெய், வேறு எண்ணெய் கிடையாது. ஆகவே பழைய டீசல் பிசினாகி ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். வரிசை வகைப் பம்பு என்றால் பெரும்பாலும் அதற்குத் தனி எண்ணெய் உண்டு, அந்த அளவையும் பாருங்கள். பம்பின் பக்கத்தில் இருக்கும் ஆக்சிலேட்டர் நெம்புகோலும் நிறுத்துகிற நெம்புகோலும் விரலால் தள்ளினால் தடையில்லாமல் போய்வர வேண்டும். சிக்கினால் பம்பை அப்படியே கழற்றி, பம்பு நாசில் பட்டறைக்குக் கொண்டு போங்கள். நாசில்களையும் அதே பட்டறையில் சோதித்து வாங்கி வந்துவிடுங்கள்.

நாசில் பீய்ச்சுகிறதா என்று பார்க்கச் சிலர் அதன் முன்னால் விரலை வைத்துப் பார்க்கிறார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். நாசிலிலிருந்து டீசல் வெளியே வருகிற அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கும் மேல். அது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல் ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகிப் போகும். அப்படி நடந்துவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுப் படுக்காமல், அந்த மணி நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நாசில்களை மாட்டுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. நல்ல பேட்டரி ஒன்றைக் கொண்டு வாருங்கள். 6 வருஷம் நின்ற பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிப் பயன் இல்லை, அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். நாசில் இல்லாமலே, நிறுத்துகிற கம்பியை இழுத்து வைத்துக்கொண்டு, செல்ப் அடியுங்கள். 10 விநாடி அடித்து ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி 10 விநாடி. சிலிண்டரில் ஊற்றிய எண்ணெய் ஓட்டை வழியாகப் பீறிட்டு வரும், எனவே மேலே கோணியைப் போட்டு மூடி, தள்ளி நில்லுங்கள். எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் எழும்பும் வரை இப்படிச் செய்ய வேண்டும். முள் எழும்பிவிட்டால் பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் இந்தக் கட்டத்தில் எப்போதும் கொஞ்சம் உட்கார்ந்து டீ குடிப்பேன். அந்த முள் எழும்புவதைப் பார்த்த பிறகு குடிக்கிற டீக்கு ருசி அதிகம்.

பிறகு நாசில்களை மாட்டி, ஏர் எடுக்க வேண்டும். டீசல் குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் எஞ்சின் பிடிக்காது. காற்று அமுங்குமே தவிர டீசலைத் தள்ளாது. டாங்கிக் குழாயைத் திறந்துவிட்டு, கைப் பம்பை அடித்துக்கொண்டே, முதல் வடிகட்டியின் மேலிருக்கும் திருகைத் தளர்த்துங்கள். நுரை நுரையாக வந்து, பிறகு கம்பி போல டீசல் வரும். மூடுங்கள். அடுத்து இரண்டாவது வடிகட்டி. அடுத்து டீசல் பம்பிலுள்ள திருகு. கடைசியில் நாசில் பக்கத்து நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ப் அடித்து, அங்கேயும் டீசல் கசிந்த பிறகு இறுக்குங்கள். டாங்கியிலிருந்து எஞ்சினை நோக்கி வரிசையாகப் போக வேண்டும். நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

காற்று வடிகட்டியின் கிண்ணத்தில் பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டு, புது எண்ணெயைக் குறி போட்ட இடம் வரை மட்டும் விடுங்கள். "கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே" என்று நிறைய ஊற்றினால், எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சி அதையே எரிபொருளாக்கிக்கொண்டு ஓடும். அப்போது டீசலை நிறுத்தினாலும் நிற்காது.

இதைத்தான் தறிகெட்டு ஓடுவது என்கிறோம். நின்றுபோன டிராக்டரை எழுப்புவதில் உயிருக்கு ஆபத்தான கட்டம் இதுதான். பம்புக்குள் பாகம் ஒட்டிக்கொண்டிருந்தால், ஸ்டார்ட் ஆன உடனேயே எஞ்சின் கூவிக்கொண்டு வேகம் ஏறும். அதற்குக் காற்றும் டீசலும் போதும், சாவியைத் திருகினால் நிற்காது. டீசல் எஞ்சினுக்குப் பொறி கிடையாது. ருடால்ப் டீசல் 1897-ல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டியதிலிருந்து இன்று வரை, காற்றை அமுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எரிவதுதான் அதன் முறை. டாங்கிக் குழாயை மூடினாலும் வடிகட்டியில் இருக்கிற டீசல் தீர நேரம் ஆகும். அதற்குள் எஞ்சின் சிதறிவிடலாம். ஆகவே காற்றை நிறுத்த வேண்டும்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது காற்று வடிகட்டிக் குழாயை எஞ்சின் பக்கம் கழற்றி வையுங்கள். ஒரு தடித்த பலகையின் மேல் ரப்பர் ஷீட் ஆணியடித்து, அந்தக் காற்று வாயை முழுதும் மூடுகிற அளவில் தயார் செய்து, ஒரு ஆளிடம் கொடுத்துப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். வேகம் கட்டுப்பாடில்லாமல் ஏறினால் அவர் பலகையை வைத்து அழுத்த வேண்டும், எஞ்சின் அடங்கிவிடும். கையால் மூடக் கூடாது. துணியால் மூடினால் துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். பலகைதான். அந்த ஆள் வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது.

காற்று வாயில் தீப்பந்தம் காட்டுவது, பெட்ரோல் தெளிப்பது போன்ற வேலை எதுவும் வேண்டாம். நம் திருவண்ணாமலை வெயிலுக்கு அது தேவையே இல்லை. பிடிக்கவில்லை என்றால் ஏர் இருக்கிறது, அல்லது ரிங் ஒட்டியிருந்து அமுக்கம் போதவில்லை.

ஸ்டார்ட் செய்யும்போது கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று மறுபடியும் பாருங்கள். கிளட்சை மிதித்திருக்கிறோமே என்று நம்பிக் கியரில் வைத்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். பல வருஷம் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் பிளைவீலோடு துருவில் ஒட்டியிருக்கும். நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் பிரியாது. ஸ்டார்ட் ஆன நொடியே வண்டி பாயும். முன்னால் நிற்பவர் கதி என்ன? வேலை ஆரம்பித்த முதல் நாளிலிருந்தே கிளட்ச் மிதியை அமுக்கி, மரக் கட்டை முட்டுக் கொடுத்து வைத்தீர்களானால் இந்தப் பத்து நாளில் தானே பிரிந்துவிடுவதும் உண்டு. பிரியாவிட்டால், எஞ்சின் சூடான பிறகு எதிரே யாரும் இல்லாத வெட்டவெளியில் மெக்கானிக் பார்த்துக் கொள்ளட்டும்.

எஞ்சின் பிடித்துவிட்டதா, சந்தோஷம். உடனே ஆக்சிலேட்டரை இழுத்து ஊருக்குக் கேட்க முறுக்க வேண்டாம். மெதுவான வேகத்திலேயே விட்டு எண்ணெய் மீட்டரைப் பாருங்கள். 10 விநாடிக்குள் முள் வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். முதலில் வெள்ளைப் புகை வரும், ஊற்றிய எண்ணெய் எரிவதால் நீலப் புகையும் வரும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இரண்டும் குறைய வேண்டும். வெள்ளைப் புகை ஓயாமல் வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். ரேடியேட்டருக்கு முடிந்தவரை மழைத் தண்ணீர் ஊற்றுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு உள்ளே கல்லாகப் படிந்துவிடும். கொட்டகைக்குள் வைத்து ஓட்டாதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

ரோட்டில் ஏற்றுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். முதல் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதற்கு மேல் புதுப்பிக்க வேண்டும். அப்பா பேரில் இருந்தால் பேர் மாற்றமும் செய்ய வேண்டும். இன்சூரன்ஸும் இருக்க வேண்டும்.

செங்கம் தம்பியின் டிராக்டர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சைலன்சருக்குள் குளவி மண் அடைத்திருந்ததால் தண்ணீர் இறங்கவில்லை. குளவிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நாலாம் நாள் வரை புல்லி நட்டு அசையவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் தினமும் வந்து, "இன்னா தம்பி, இன்னும் எண்ணெய்தான் ஊத்தறியா, கயிறு எடுத்துட்டு வரட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். ஐந்தாம் நாள் காலையில் கால் விரற்கடை அசைந்தது. அன்று சாயந்திரம் முழுச் சுற்று வந்துவிட்டது. ஒரு எக்ஸாஸ்ட் வால்வு சிக்கியிருந்தது, ராக்கர் மூடியைத் திறந்து வைத்திருந்ததால் அம்மாதான் முதலில் பார்த்துச் சொன்னார்களாம். பம்பைப் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது. பேட்டரி, பம்பு வேலை, வடிகட்டி, எண்ணெய், இரண்டு முன் டயர், எல்லாம் சேர்ந்து அவர் நினைத்ததை விடக் கூடத்தான் செலவு. பன்னிரண்டாம் நாள் ஸ்டார்ட் ஆயிற்று. பலகை பிடித்துக்கொண்டு நின்றவர் அந்தப் பக்கத்து நிலத்துக்காரர்தான்.

முதல் நாளே கலப்பை மாட்ட வேண்டாம், காலி டிரெய்லரோடு நிலத்தைச் சுற்றி வா, 10 மணி நேரம் ஓடியதும் எண்ணெயை மாற்றிவிடு என்று சொல்லியிருந்தேன். உள்ளே இத்தனை வருஷமாக ஒட்டியிருந்த துருவும் மண்டியும் புது எண்ணெயில் கரைந்து இறங்கும், அதை உள்ளேயே சுற்ற விடக் கூடாது. சொன்னபடியே மாற்றி, இறக்கிய எண்ணெயை ஒரு பாட்டிலில் அடைத்து என்னிடம் கொண்டு வந்து காட்டினார். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கருப்பு மண்டி. இன்னொரு 50 மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்று என்று சொல்லி அனுப்பினேன்.